வசதியைக் கருதி

14

பேனர் கட்டக் கயிறு போதவில்லை. வலது ஓரம் மடங்கித் தொங்கியது.

‘மூணாம் மைல் சபையின் அசனப் பண்டிகை. ஒரே இலை, ஒரே பந்தி, ஒரே குடும்பம்!’ என்று பன்னிரண்டடி அகலத்துக்கு அச்சடித்திருந்தார்கள். அதன் கீழே, அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், ‘வாசகம்: செயலாளர் தனசிங்.’

செயலாளர் தனசிங் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். குன்னூர்ப் பக்கத்துக் காலை மூடுபனி பேனரின் மேல்வரியை விழுங்கியிருந்தது. அவர் பெயர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. திருப்தியாகத் தலையசைத்தார்.

போன வாரம் அவருடைய மனைவி பிலோமியை அரிசிச் சாக்கோடு தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து மேடேறி வரும் பாதியிலேயே விட்டுவிட்டோம். பாவம், மூச்சு வாங்க நிற்கிறாள். அவளை இப்போது கோயிலுக்குப் பின்னால் உள்ள சமையல் கொட்டகைக்குக் கூட்டிவந்துவிடலாம்.

அசனம் என்பது என்னவென்று புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருஷம் முழுக்க வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் அதைச் சேகரித்து ஒரே அண்டாவில் வடிப்பார்கள். அரிசி கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எஸ்டேட் மானேஜர் முழங்கையும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் முழங்கையும் வருஷத்தில் ஒருநாள் இடித்துக்கொள்ளும். தனசிங்கின் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியபோது கூடவே வந்த வழக்கம் இது.

எஸ்டேட் லைனில் இப்போது பன்னிரண்டு ஜார்க்கண்ட் குடும்பங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டதால் நம் கொழுந்தைப் பறிக்க வந்தவர்கள். தாத்தன் பாட்டன் காலத்திலிருந்தே வேதக்காரர்கள், நம்மைப் போலவே கிறிஸ்தவர்கள். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்து கடைசி மூன்று பெஞ்சில் உட்காருகிறார்கள். அங்கே உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே உட்கார்ந்தார்கள் என்பது சபையின் உறுதியான நம்பிக்கை.

அந்தப் பன்னிரண்டு வீடும் இந்த வருஷம் பிடி அரிசி எடுத்து வைத்திருந்தது. போன ஞாயிறு பிலோமி வாங்கப் போனபோது, பியாட்ரிஸ் மின்ஜ் என்கிற பெண், அந்தக் கூட்டத்தில் தமிழ் நன்றாகப் பேசுகிறவள், ஒரு பால்பவுடர் டின் நிறைய அரிசியைக் கொட்டிவிட்டுக் கேட்டாள்: “அக்கா, நாங்க எங்க உக்காரணும்?”

“எம் பக்கத்துலதான். வேற எங்க?” என்றிருந்தாள் பிலோமி.

*

பேக்கரி வைத்திருக்கும் பொருளாளர் ரெனிஷ் ஸ்கூட்டரில் இரண்டு கட்டு சில்வர் கவரோடு வந்து இறங்கினான்.

“எதுக்கு ரெனிஷ் இத்தன கவரு? யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லையா?” என்றாள் பிலோமி கொட்டகைக்குள்ளிருந்து.

“அறுவது பேருக்கா அக்கா ஒடம்பு செரியில்லாமப் போவும்? நம்ம வடக்கத்தி சனங்களுக்கு. அண்ணன் சொல்லலீங்களா?”

அண்ணன் சொல்லவில்லை. அண்ணன் எதையும் வீட்டில் சொல்வதில்லை. கமிட்டியில் தீர்மானமாகத்தான் போடுவார். எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டில் கேஸ் தீர்ந்துபோனால்கூட ‘எரிவாயு இருப்பு நிலை’ என்றுதான் அவருக்கு நினைக்க வரும்.

பிலோமி கரண்டியோடு வெளியே தனசிங்கிடம் வந்தாள்.

“ஏனுங்க, அவுங்களுக்குப் பார்சலா?”

“மினிட்ஸ்ல இருக்குது பிலோமி.”

“மினிட்ஸ நான் எங்க பாத்தேன்? நான் அந்தப் புள்ளைகிட்ட எம் பக்கத்துல உக்காருன்னு சொல்லீட்டு வந்துருக்கறேன்.”

“உன்ன யாரு சொல்லச் சொன்னா?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “போன வருசம் அவுங்க வந்து உக்காந்தப்ப நாலஞ்சு பெரியவங்க ரெண்டாம் பந்திக்குப் போறோம்னு எந்திரிச்சுப் போனாங்களா இல்லையா? அப்புறம் நம்ம காரமும் அவுங்களுக்கு ஆகாது. அதையெல்லாம் யோசன பண்ணித்தான் நாசூக்கா எழுதியிருக்கறேன். கேளு.”

பையிலிருந்து நோட்டை எடுத்து வாசித்தார். மனப்பாடமாகவே தெரியும். இருந்தாலும் எடுத்தார்.

“‘வடமாநில சகோதர சகோதரிகளின் வசதியைக் கருதி, அசன உணவு அவர்களது இல்லத்திலேயே அருந்தத்தக்க வகையில் வழங்கப்படும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ யாரு மனசாச்சும் நோவுமா இதுல?”

நோகாது. அதுதான் அந்த வாக்கியத்தின் கைவேலை. யார் செய்தது என்பதே அதில் கிடையாது. வழங்கப்படும், தீர்மானிக்கப்பட்டது. ஏதோ வானத்திலிருந்து ஆலங்கட்டி விழுந்த மாதிரி.

மறுத்துப் பேச பிலோமிக்கு வாய் வரைக்கும் ஏதோ வந்தது. பிறகு உள்ளே போய்க் கவரை எடுத்தாள்.

அறுபது பார்சலையும் கட்டியது அவள் கைதான். சோறு ஒரு கவர், கறிக்குழம்பு ஒரு கவர், கத்தரிக்காய்க்குச் சின்னக் கவர். மற்ற பெண்கள் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். கறித்துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாகப் போட்டாள். மனசாட்சிக்கும் பார்சல் கட்டத் தெரியும்.

*

ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. பன்னிரண்டு குடும்பமும் கோயில் வாசலில் ஒதுங்கி நின்றது. பெண்கள் பெட்டியில் வைத்திருந்த சேலையைக் கட்டியிருந்தார்கள். மடிப்புக்கோடு அப்படியே நின்றது. ஆண்கள் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார்கள்.

தனசிங் மைக்கைத் தட்டினார்.

“அன்பான வடமாநில சகோதர சகோதரிகள், தங்கள் வசதிக்காகப் பக்கவாட்டு வாசல் அருகே தனியாக ஏற்பாடு செய்யப்பட்டுள்ள உணவைப் பெற்றுக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

அவர்களில் பாதிப் பேருக்கு இந்தத் தமிழ் புரியாது. நம்மில் பாதிப் பேருக்கே புரியாது. ‘உணவு’ என்பது மட்டும் புரிந்து, சிரித்துக்கொண்டே பந்தி போட்டிருந்த ஹாலை நோக்கி நடந்தார்கள். ரெனிஷ் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து நின்றான். கன்றுக்குட்டியைத் திருப்புகிற மாதிரி.

“இந்தப் பக்கம், இந்தப் பக்கம்... சைடு, சைடு.”

பக்கவாட்டு வாசலில் மேசைக்குப் பின்னால் பிலோமி நின்றாள். முதலில் வந்தவள் பியாட்ரிஸ்.

“அக்கா, இலை போட்டாச்சா? நான் உங்க பக்கத்துல...”

பிலோமி பார்சலை நீட்டினாள். “இது... ஊட்டுல வெச்சு நிதானமாச் சாப்புடலாம்னு...”

பியாட்ரிஸ் பார்சலைப் பார்த்தாள். மேசைமேல் அடுக்கியிருந்த மற்றவற்றைப் பார்த்தாள். பிலோமியின் தோளுக்கு அப்பால், ஜன்னல் வழியாக, ஹாலில் விரித்திருந்த இலைகளைப் பார்த்தாள்.

“எங்க எல்லாருக்குமா அக்கா?”

“ம்.”

“சரிக்கா.” இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “தேங்க்ஸ்க்கா.”

திரும்பித் தன் ஆட்களிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்தான். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை, யாரும் முணுமுணுக்கவும் இல்லை. வரிசை கட்டி வந்து வாங்கிக்கொண்டார்கள். தலையில் கம்பளிக் குல்லா போட்ட பெரியவர் ஒருவர் பார்சலை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

திட்டியிருந்தால் பிலோமிக்கு நன்றாக இருந்திருக்கும்.

*

ஹாலில் முதல் பந்தி. நடுநாயகமாகச் சிறப்பு விருந்தினர் லிங்கசாமி. கோயம்புத்தூரில் தேயிலைத்தூள் மொத்த வியாபாரம். மதம் கடந்த ஒற்றுமைக்கு அடையாளமாக ஓர் இந்துப் பிரமுகர் வேண்டும் என்று கமிட்டி தேடியபோது, எஸ்டேட்டிலிருந்து தூள் வாங்க வாராவாரம் வருகிற இவர் வசமாகச் சிக்கினார். “ஞாயித்துக்கெழம கறிச்சோறு வேண்டாம்னு சொல்ற ஆளா நானு?” என்று உடனே ஒப்புக்கொண்டார்.

அவருக்கு இடப்பக்கம் தனசிங். தனசிங்குக்கு அடுத்து அவர் மகள் கெஸியா. இருபத்துநாலு வயது. குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிறு காலையில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறாள். அவள் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். பதினொரு பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள்.

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. பேச்சும் விழுந்தது.

“ரொம்ப நல்ல காரியமுங்க,” என்றார் லிங்கசாமி, எலும்பை உறிஞ்சியபடி. “ஒரே பந்தின்னு பேனர்லயே போட்டுட்டீங்க. ஏனுங்க, வாசல்ல அந்த வடக்கத்தி சனங்க நெறையப் பேரு நின்னாங்களே, அவுங்க எத்தனாவது பந்திங்க?”

“அவுங்களுக்கு வேற ஏற்பாடுங்க.”

“வேறன்னா?”

“ஊட்டுக்கே குடுத்து விட்டுட்டோமுங்க. அவுங்க வசதிக்காகத்தான். கூச்சப்படுவாங்க பாருங்க.”

“ஓகோ,” என்றார் லிங்கசாமி. இன்னொரு எலும்பை எடுத்தார். மெல்ல வைத்தார். “எங்க பக்கத்துலயும் இப்படித் தனியா வெக்கறது உண்டுங்க. ஆனா நாங்க சொல்லாமச் செய்வோம். நீங்க பேனர் கட்டிச் செய்யறீங்க.”

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னார். அதனால்தான் தனசிங் அவசரமாக ரசத்தைக் கூப்பிட்டார்.

கெஸியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “பார்சலா?”

“சாப்புடு கண்ணு.”

“எங் கிளாஸ் புள்ளைங்க ஒண்ணுகூட உள்ள வரலியேன்னு பாத்துட்டே இருந்தேன். பார்சலா குடுத்தீங்க?”

“ரசம் வருது, இலையப் பாரு.”

அவள் எழுந்துவிட்டாள்.

பந்தியில் பாதியில் எழுவது என்றால் என்னவென்று தெரியும்தானே? இலையில் சோறு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் வாயில் கவளம் இருக்கிறது. கல்யாண வீட்டில் எழுந்தால் சம்பந்தம் முறியும். நூற்றைம்பது பேர் கை அப்படியே நின்றது.

“கெஸியா. உக்காரு.”

“அவுங்க அரிசியும் இந்தச் சோத்துலதான் வெந்துருக்குதுப்பா. அரிசி உள்ள வரலாம், ஆளு வரக் கூடாதா?”

கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொன்னாள். அது கடைசி வரிசைவரை கேட்கப் பழகிய குரல்.

அவள் கை கழுவப் போனாள். ரசம் ஊற்ற வந்தவர் காலி இடத்தின் முன்னால் வாளியோடு நின்று, அங்கேயும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனார்.

தனசிங் மிச்சத்தைச் சாப்பிடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. முதல் வரிசையில் இருந்த சிலர் தங்கள் இலையை உற்றுப் பார்த்தார்கள், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் அவர்கள்தான்.

*

“நீ எப்படிம்மா?” வீட்டுக்கு வந்ததும் கெஸியா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா பண்ணுவாரு. நீ எப்படி உங் கையால குடுத்தே?”

பிலோமி சேலைகூட மாற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“நிதானமாச் சாப்புடுங்கன்னு வேற சொன்னேன்,” என்றாள்.

“என்னது?”

“பார்சலக் குடுக்கறப்ப. ஊட்டுல வெச்சு நிதானமாச் சாப்புடுங்கன்னு. எங்கிருந்து வந்துச்சு அந்தப் பேச்சு எனக்குன்னு அப்பவே திக்குனு ஆயிருச்சு. அப்புறம் அறுவது பேருகிட்டயும் அதையேதான் சொன்னேன்.”

அம்மா பேசுவது கெஸியாவுக்குப் பிடிபடவில்லை. நமக்குப் பிடிபடும், மூன்றாம் அத்தியாயத்திலேயே ரகசியமாகக் காதில் போட்டு வைத்திருந்தோம். இந்தச் சபையைப் பொறுத்தவரை பிலோமிக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது தனசிங் வைத்த ஊர் அது. அவள் பெற்றோர் இருவரும் அதற்கு முன்பே இறந்துபோயிருந்ததால் மறுத்துச் சொல்லவும் ஆளில்லை.

“எனக்கு ஏழு வயசு,” என்றாள் பிலோமி. “கிறிஸ்மஸ். கோத்தகிரிப் பக்கம் ஒரு கோயில்ல கேக்கு குடுத்தாங்க. உள்ள பெஞ்சுல உக்காந்த புள்ளைகளுக்குத் தட்டுல. எங்களுக்கு வாசல்ல, பேப்பர்ல சுத்தி. குடுத்த அம்மா எங் கன்னத்தக் கிள்ளி, ‘ஊட்டுக்குப் போயி நிதானமாச் சாப்புடு கண்ணு’ன்னாங்க. நல்ல அம்மா. ரொம்ப நல்ல அம்மா. அதுதான் இன்னிக்கு வரைக்கும்...”

“உங்களுக்கு மட்டும் ஏன் வாசல்ல?”

“நாங்க சிலோன் புள்ளைங்க.”

கெஸியா அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அப்பா அம்மா அட்டன் பக்கத்துத் தோட்டத்துல வேல செஞ்சவங்க. ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டுத் திருப்பி அனுப்புனாங்க. கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்புல இருந்து, அப்புறம் இங்க. அங்க எங்களுக்குப் பேரு இந்தியாக்காரங்க. இங்க வந்தா சிலோன்காரங்க. லைன் லயத்துல தண்ணி புடிக்கப் போனாக்கூட, ‘வந்தேறிங்க கடசீல புடிங்க’ம்பாங்க.”

“அப்ப பாளையங்கோட்டை?”

“பாளையங்கோட்டை எந்தத் தெசையில இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது கண்ணு.”

கெஸியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். வேறு சத்தம் வந்தது.

வாசற்படியில் தனசிங் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் போன், ரெனிஷின் குரல் வெளியே கேட்டது.

“அண்ணே, நாலு மணிக்கு குரூப் போட்டோ. பத்திரிகைக்கு அனுப்போணும். ‘அனைத்து மாநில மக்களும்’னு கேப்ஷன் வேற எழுதி வெச்சுருக்கறீங்க. அவுங்களக் காணோமே. ஒரு எட்டுப் போயிக் கூட்டியாங்கண்ணே.”

பந்திக்கு வேண்டாதவர்கள் போட்டோவுக்கு வேண்டும்.

தனசிங் அழைப்பைத் துண்டித்தார். யாரையும் பார்க்காமல், “லைனுக்குப் போயிட்டு வரேன்,” என்றார். “ஒரு வார்த்த... வருத்தம் தெரிவிச்சுட்டு வந்துடறேன்.”

போட்டோவுக்காகப் போகிறாரா, வருத்தத்துக்காகப் போகிறாரா என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. ஐம்பதுக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். நாம் மட்டும் இதைவிடச் சுத்தமான காரணத்துக்காக எத்தனை முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறோம்?

பிலோமி எழுந்தாள். “நானும் வாரேன்.”

*

லைன் வீடுகளின் முன்வாசலில் நீளமாகப் படங்கு விரித்திருந்தார்கள். கொழுந்து கொட்டுகிற சாக்குப் படங்கு. அதன்மேல் ஒரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அறுபது பார்சலையும் பிரித்து இரண்டு பெரிய பாத்திரத்தில் கொட்டியாகிவிட்டது. ஃபேக்டரியில் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி பார்த்த நாலு பேர் வரட்டும் என்று காத்திருந்து, இப்போதுதான் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள்.

ஆக, அசனம் இங்கேதான் நடந்துகொண்டிருந்தது. அங்கே நடந்தது சாப்பாடு.

தனசிங்கையும் பிலோமியையும் கண்டதும் பியாட்ரிஸ் எழுந்து வந்தாள். “வாங்க சார். வாங்கக்கா.” திரும்பி ஒரு சொல் சொன்னாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. நடுவில் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு இடம் பிறந்தது. “உக்காருங்க சார், சாப்பிடலாம்.”

“இல்லம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்,” என்றார் தனசிங்.

யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. காலையிலிருந்து அவர் வயிற்றுக்குள் போனது நாலு கவளம். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், கேட்பதற்கு முன்பே, வாய் தானாக வேலையை முடித்துவிட்டது.

பிலோமி அவரைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த குல்லாப் பெரியவர் ஒரு தட்டைத் துடைத்து அவள் முன்னால் வைத்தார்.

“அக்காவுக்கு எந்த ஊரு?” சோறு போட்டபடி பியாட்ரிஸ் கேட்டாள். சும்மா, பேச்சுக்குக் கேட்பதுதான். “இந்த மலைதானா?”

“அட்டன்,” என்றாள் பிலோமி. “சிலோன். எங்கள அங்க இருந்து அனுப்பி வெச்சாங்க.”

தனசிங் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் சபைக்காரர்கள் யாராவது நிற்கிறார்களா என்று. தேயிலைச் செடிகள்தான் நின்றன. திரும்பியபோது பியாட்ரிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதற்குத் திரும்பினார் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. அவளுக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது.

தொண்டையைச் செருமினார். “அம்மா, இன்னிக்குக் காலைல ஒரு சிறு நிர்வாகக் குறைபாடு ஏற்பட்டு... அதாவது, அசௌகரியம் நேர்ந்திருப்பின்...”

“குறைபாடா சார்? மீட்டிங் போட்டு முடிவு பண்ணதா ரெனிஷ் சார் சொன்னாரே.”

“மீட்டிங்லதான்... தீர்மானிக்கப்பட்டது.”

“யாரு சார் தீர்மானிச்சது?”

கேள்வியில் கோபம் இல்லை. யார் வீட்டுக்கு எந்த வழி என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள். முப்பத்திரண்டு வருஷ ஹெட் கிளார்க் தன் கையிருப்பிலுள்ள வாக்கியங்களையெல்லாம் வேகமாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாமே ‘பட்டது, பட்டது’ என்றே முடிந்தன. ஒன்றும் உதவவில்லை.

“எல்லாருந்தான் கை தூக்குனாங்க,” என்றார். பிறகு, “நான்தாம்மா எழுதுனேன்,” என்றார். “மொதல்ல சொன்னதும் நான்தான்.”

பிலோமியின் கை தட்டில் நின்றது. இது அவளுக்கும் புதிது.

போன் அடித்தது. ரெனிஷ். போட்டோக்காரர் வந்திருப்பார். மணி நாலைத் தாண்டியிருந்தது. தனசிங் போனை எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அது சட்டைப்பையில் அடித்து ஓய்ந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை முழங்காலில் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பெரிய சிரமத்தோடு படங்கில் உட்கார்ந்தார். பிலோமி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஆனால் அவரைப் பார்க்கவில்லை. பியாட்ரிஸ் அவருக்கும் ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டாள். கறித்துண்டு இரண்டு தேடி எடுத்துப் போட்டாள்.

குல்லாப் பெரியவர் வரிசையைத் தாண்டி எட்டி, தனசிங்கைப் பார்த்து நிதானமாக ஏதோ சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் கையை நிறுத்தினார்கள். பியாட்ரிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னம்மா சொல்றாரு?”

“விடுங்க சார். சாப்பிடுங்க.”

“சொல்லும்மா.”

அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். “நாங்களும் மத்தியானம் ஒரு மீட்டிங் போட்டோம் சார். அடுத்த ஞாயித்துக்கெழமையில இருந்து கோயிலுக்கு வர வேண்டாம், இங்கயே, இந்த வாசல்லயே ஜெபம் வெச்சுக்கலாம்னு. நீங்க வந்தீங்கன்னா உங்களுக்கு எடம் உண்டுன்னு அவர் சொல்றாரு.”

பழக்க தோஷம், தனசிங்குக்குக் கேட்க வேறு கேள்வி வரவில்லை.

“எல்லாரும் கை தூக்கிட்டாங்களா?”

“எங்கள்ல கை தூக்கறது இல்ல சார். பேசிட்டே இருப்போம். கடைசி ஆள் வரைக்கும் சரின்னு சொன்னாத்தான் முடிவு.”

“சொல்லிட்டாங்களா?”

“ஒருத்தர் இன்னும் சொல்லல.”

“யாரு?”

பியாட்ரிஸ் முதலில் பிலோமியைப் பார்த்தாள். பிறகு அவரை.

“நான்தான் சார்,” என்றாள். “சாப்பிடுங்க, ஆறுது.”